புதிய வார்டா, காலை டிஸ்சார்ஜா? கற்பித்தல் மருத்துவமனையின் அடுத்த ஆண்டுக் கணக்கு

ஆண்டறிக்கையைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது கூடிய படுக்கைகள், வந்திறங்கிய இயந்திரங்கள், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்கள். எல்லாமே உள்ளே வந்த பொருள், வந்த ஆட்களின் பட்டியல். ஆனால் நடுத்தர அளவுள்ள ஒரு கற்பித்தல் மருத்துவமனையில் எதற்கும் முன்னால் தீர்ந்துபோவது மூத்த மருத்துவர்களின் நேரம். ரவுண்ட்ஸ் (படுக்கை படுக்கையாக நோயாளிகளைப் பார்த்து வருவது), ஓ.பி., அறுவை அரங்கு, வகுப்பு எல்லாவற்றுக்கும் அதே நான்கைந்து பேர்தான். எனவே அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை எடைபோடும்போது செலவோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இது அவர்களுடைய மணிநேரத்தைத் தின்னுமா, மிச்சப்படுத்துமா?

புதிய வார்டும் காலை டிஸ்சார்ஜும்

சராசரியாக நிரம்பியிருக்கும் படுக்கைகள் எத்தனை என்பதை ஒரே பெருக்கலில் சொல்லிவிடலாம்: நாளொன்றுக்கு அட்மிஷன் × சராசரித் தங்கல் நாட்கள். எடுத்துக்காட்டாக, தினம் 24 பேர் சேர்ந்து 5 நாள் தங்கினால் 120 படுக்கை. மொத்தம் 140 இருந்தால் நிரம்பல் ஏறக்குறைய 86 சதவீதம். 85ஐத் தாண்டினால் அவசர நோயாளிக்கு இடம் கிடைக்காத நாட்கள் தலைகாட்டும். 90ஐத் தாண்டினால் அதுவே வழக்கமாகிவிடும். இங்கே இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 12 படுக்கை வார்டு ஒன்றைத் திறப்பது. நிரம்பல் 79 சதவீதத்துக்கு இறங்கும். ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று வைத்தாலும் எந்த நேரமும் இருவர் வேண்டும். வாரத்துக்கு 168 மணி, இருவருக்கு 336 மணி. ஆளுக்கு 40 மணி என்றால் எட்டரைப் பேர். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் பத்துக்குக் குறையாது. கட்டடம் ஒருமுறைச் செலவு. இந்தப் பத்துப் பேர் ஒவ்வோர் ஆண்டும். அந்த வார்டுக்கும் ரவுண்ட்ஸ் போக வேண்டியது அதே மூத்த மருத்துவர்தான் என்பது திட்ட அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது வழி, தங்கலில் அரை நாள் குறைப்பது. 24 × 4.5 = 108. நிரம்பல் 77 சதவீதம். புதிய வார்டு தந்த அதே 12 படுக்கை இடம், கல்லும் மண்ணும் இல்லாமல்.

அந்த அரை நாள் எங்கே ஒளிந்திருக்கிறது? கற்பித்தல் மருத்துவமனைகளில் பெரும்பாலும் ரவுண்ட்ஸின் வரிசையில். முதல் படுக்கையில் தொடங்கி ஒவ்வொன்றிலும் நின்று பாடம் நடத்திக்கொண்டே போனால், 27ஆம் படுக்கையில் வீட்டுக்குப் போகத் தயாராக உடை மாற்றி உட்கார்ந்திருப்பவரை அடையும்போது மணி பன்னிரண்டு. பிறகு டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுதி, மருந்து வாங்கி, கணக்கு முடித்து அவர் கிளம்ப மாலையாகும். அதுவரை கேசுவாலிட்டியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார்.

வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. முதலில் நிலை மோசமானவர்கள், அடுத்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள், பிறகு இரவில் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் கடைசியில். பாடம் இந்தச் சுற்று முடிந்தபின், தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று நோயாளிகளிடம் மட்டும். முந்தைய மாலையே நாளை போகிறவர்கள் பட்டியல் தயாராக வேண்டும்: சுருக்கத்தின் வரைவைப் பயிற்சி மருத்துவர் எழுதி வைப்பார், வீட்டுக்கான மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போயிருக்கும், கடைசி ரத்தப் பரிசோதனை விடியலிலேயே எடுக்கப்படும், அழைத்துப்போக வருகிறவருக்குத் தகவல் சொல்லியாகியிருக்கும்.

இதிலும் கோளாறு வரும். ‘பத்து மணிக்கு முன் டிஸ்சார்ஜ்’ என்று ஓர் இலக்கு வைத்தால், முந்தைய மாலையே போகக்கூடியவரை மறுநாள் காலைவரை நிறுத்திவைத்து எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். ஆகவே தங்கலை மணிக்கணக்கில் அளக்க வேண்டும். அவசரப்பட்டு அனுப்பியது தெரிய 30 நாளுக்குள் திரும்பி வந்தவர்களின் விகிதத்தையும் பக்கத்திலேயே போட வேண்டும். இன்னொரு ஓட்டை சனி, ஞாயிறு. அந்த இரு நாளும் முடிவெடுக்க ஆளில்லாமல் டிஸ்சார்ஜ் படுத்துவிட்டால் திங்களன்று நெரிசல் உறுதி. அந்த வாரம் முழுக்க அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வார்டு கட்டவே கூடாது என்பதில்லை. தங்கல் ஏற்கெனவே இறுகியிருந்து, வார இறுதியிலும் டிஸ்சார்ஜ் சீராக நடந்து, அப்படியும் நிரம்பல் 90ஐ விட்டு இறங்கவில்லை என்றால் கட்டத்தான் வேண்டும். அப்போதும் படுக்கையை எண்ணுவதற்கு முன் ஆக்சிஜன் குழாயைக் கணக்கிடுங்கள். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் உயர் ஓட்டக் கருவி ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை இழுக்கும். பத்துக் கருவிகள் முழு ஓட்டத்தில், தூய ஆக்சிஜனில் ஓடினால் 600 லிட்டர். 7 கன மீட்டர் சிலிண்டர் பன்னிரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

திறன் ஆய்வகமும் வார்டிலேயே ஒத்திகையும்

மருத்துவர்கள் கைத்திறன் பழகும் பொம்மை வாங்கி அறை திறப்பது புகைப்படத்துக்கு நல்லது. ஆறு மாதம் கழித்து அறை பூட்டிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: ஊசி குத்திக் குத்திக் கிழிந்த தோல் பட்டைகளுக்கு மாற்று வாங்கப் பணம் ஒதுக்கவில்லை, வாரத்தில் இரண்டு அரை நாள் எந்த மூத்தவருடைய டியூட்டி பட்டியலிலும் எழுதப்படவில்லை.

ஒழுங்காக நடத்தினால் பலன் உண்டு. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் செருகும் குழாய்) போடுவதைப் பொம்மையில் பழகி, சரிபார்ப்புப் பட்டியலில் தேறிய பிறகே நோயாளியிடம் போகலாம் என்று வைத்த சிகாகோ ஐ.சி.யு. ஒன்றில், 1,000 லைன்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன்-நாள்) 3.2 ஆக இருந்த ரத்தத் தொற்று 0.5 ஆனது, ஆய்வு வெளியானது 2009இல். இதில் கவனிக்க வேண்டியது ‘தேறிய பிறகே’ என்ற நிபந்தனை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றால் பொம்மை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

வார்டு ஒத்திகை வேறு வகை. முன்னறிவிப்பில்லாமல், உண்மையான வார்டில், பதினைந்து நிமிடம், இதயம் நின்றுவிட்டதாகப் பாவனை. அழுத்தும் ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6ஐத் தாண்டாமல், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்பதையெல்லாம் ஆய்வகத்திலேயே கற்கலாம். ஆனால் அவசரத் தள்ளுவண்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, மூச்சுக்குழாயில் குழாய் செருகத் தொண்டையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் கட்டியிருந்த கயிற்றில் இன்னும் தொங்குகிறதா என்பதெல்லாம் வார்டில்தான் தெரியும். பணம் குறைவென்றால் எங்கள் ஓட்டு இதற்கே. கைத்திறன் பயிற்சிக்கு மட்டும் பக்கத்துப் பெரிய கல்லூரியின் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போடலாம்.

மாணவர் சுழற்சி

நான்கு வாரம் ஒரு துறை, அடுத்த நான்கு வாரம் இன்னொன்று என்பது பழகிய முறை. மாற்று, மாணவர் பல மாதங்கள் ஒரே மருத்துவமனையில் தங்கி, வாரத்தில் ஒவ்வோர் அரை நாள் ஒவ்வொரு துறையில் இருந்து, தன் நோயாளிகளைத் தொடர்ந்து பின்பற்றுவது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1971 முதலே ஊர்ப்புற மருத்துவமனைகளில் மாணவர்களை இப்படி வைத்துப் பயிற்றுவிக்கிறது. நான்கைந்து மாணவர் உள்ள சமூக மருத்துவமனைக்கு இது நன்றாகவே பொருந்தும். எண்ணிக்கை கூடினால் ஓ.பி. அறைகள் போதாது. நோயாளி திரும்பி வரும் நாளும் மாணவரின் அரை நாளும் இடிக்காமல் பார்க்கத் தனியாக ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை நியமிக்காமல் தொடங்கினால் மூன்றே மாதத்தில் பழைய முறைக்கே திரும்பிவிடுவார்கள்.

பணி ஒப்படைப்பு

டியூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைப்பதைச் சீராக்குவது, புதுக் கருவிகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய செலவே இல்லாத திட்டம், அதனாலேயே பட்டியலில் கடைசியில் கிடக்கும். நீண்ட டியூட்டியை உடைத்தால் களைப்பு குறையும், ஒப்படைப்புகள் கூடும். ஐ-பாஸ் என்ற முறையில் ஐந்து படிகள்: நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது. ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவர்களிடையே நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. தேவைப்படுவது டியூட்டிகளுக்கிடையே அரை மணி மேற்பொருந்தல். அதைப் பட்டியலில் எழுதாவிட்டால் முதலில் காணாமல் போவது ஐந்தாவது படி.

முன்னேற்றத்தைக் காட்டும் எண்

எதைத் தேர்ந்தாலும் அடுத்த ஆண்டறிக்கையில் எப்படி எழுதுவது? ‘லைன் தொற்று 4இல் இருந்து 3ஆகக் குறைந்தது’ என்று எழுதுவது எளிது. முதல் ஆண்டு 1,000 லைன்-நாட்கள், இரண்டாம் ஆண்டு 500 என்றால் 1,000 லைன்-நாட்களுக்கான விகிதம் 4இல் இருந்து 6ஆக ஏறியிருக்கிறது. கீழெண் (எத்தனை லைன்-நாட்களுக்கு என்ற வகுக்கும் எண்) இல்லாத எண்ணிக்கையை அறிக்கையில் சேர்க்காமலே விடலாம். லைன்-நாளை எண்ணுவதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், நள்ளிரவு என்றால் நள்ளிரவில், லைன் போட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்று இரவு டியூட்டி செவிலியர் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். நோயாளிக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒன்றுதான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஊகித்து நிரப்பக் கூடாது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.