சியாட்டில் – அலாஸ்கா குரூஸ்: ஏஜென்ட் தரும் ரூட் மேப்பை நம்பி பால்கனிக்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள்

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் 7 இரவு அலாஸ்கா பயணத்தைக் குழுவாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. அப்படி ஒரு பயணத்தில் நடந்தது இது. விற்றது ஒரு பயண ஏஜென்ட், கப்பல் நிறுவனம் இல்லை. அனுப்பிய பிடிஎஃப்பில் பளிச்சென்று ஒரு ரூட் மேப். சியாட்டிலில் தொடங்கும் சிவப்புக் கோடு வான்கூவர் தீவுக்கும் கனடாக் கரைக்கும் நடுவே புகுந்து, ஜான்ஸ்டன் நீரிணை வழியாக நெளிந்து அலாஸ்காவின் கெட்சிகன் துறைமுகம் போய்ச் சேர்கிறது. "முதல் நாள் முழுக்க பக்கத்திலேயே மலையும் காடும் வரும், வலப்பக்கம் எடுத்தால்தான் கரை தெரியும்" என்று சொல்லி, வலப்பக்க பால்கனி அறைகளுக்கு மட்டும் தனியாக ஒரு தொகை வாங்கப்பட்டது.

கப்பல் போனது வேறு வழியில். சியாட்டிலிலிருந்து வடக்கே வந்து, ஜுவான் டி ஃபூகா நீரிணையில் மேற்கே திரும்பி, ஃப்ளாட்டரி முனையைத் தாண்டி நேராகப் பசிபிக். வான்கூவர் தீவின் வெளிப்பக்கமாகவே வடக்கே ஏறியது. கடலில் கழியும் அந்த முதல் முழு நாளில் பால்கனியிலிருந்து தெரிந்தது அலையும் மூடுபனியும்தான். கரை பல கடல் மைல் தள்ளி இருந்தது.

புகாருக்கு வந்த பதில்: "படம் விளக்கத்துக்கு மட்டுமே. வானிலையைப் பொறுத்துப் பாதை மாறலாம்." பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதே வரி இருக்கிறது. இந்தப் பதிலில்தான் ஏமாற்று இருக்கிறது. புயல் வந்து பாதை மாறினால் யாரும் குறை சொல்ல முடியாது, கப்பல் நிறுவனத்தின் பயண ஒப்பந்தமும் அந்த உரிமையைக் கேப்டனுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் இங்கே எதுவும் மாறவில்லை. சியாட்டிலில் கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிக்கடல் வழியாகத்தான் போகின்றன. முந்தைய வாரம் இதே கப்பல் போன தடத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் அப்படிப் போகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். படத்தில் காட்டிய உள்வழியில், வான்கூவர் தீவிலுள்ள கேம்பல் ரிவர் ஊருக்கு அருகே சீமோர் நேரோஸ் என்ற குறுகலான இடம் இருக்கிறது. அங்கே ஏற்ற இறக்க நீரோட்டம் உச்சத்தில் ஏறக்குறைய 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தைத் தொடும். ரிப்பிள் ராக் என்ற நீரடிப் பாறை அங்கே பல கப்பல்களைக் கவிழ்த்ததால், 1958 ஏப்ரல் 5 அன்று அதன் உச்சியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போனாலும் ஓட்டம் போகவில்லை. இன்றும் நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. வான்கூவரில் கிளம்பும் கப்பலுக்கு அது வழியிலேயே இருக்கிறது, நேரத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்பிவிடலாம். வான்கூவரில்கூட துறைமுக வாயிலிலுள்ள லயன்ஸ் கேட் பாலத்தின் கீழ் சுமார் 61 மீட்டர் உயரம்தான், மிக உயரமான கப்பல்கள் கடல்நீர் ஏற்ற இறக்கத்தையும் பார்க்க வேண்டும். சியாட்டில் கப்பலுக்கு வெளிக்கடல் வழி நேரத்தை நெருக்காது, வேகமாகவும் ஓடலாம். திரும்பும்போது கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பதற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அங்கேயே இறக்குவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்கிறது 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம்.

ஏஜென்ட்டுகள் ஒளிந்துகொள்ள வசதியான இடம் ஒன்று உண்டு. வான்கூவர் தீவின் உட்பக்க வழியைப் போலவே, அலாஸ்காவில் கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே பகுதித் தீவுகளுக்கு நடுவே போகும் நீர்வழிக்கும் இன்சைட் பாசேஜ் (உள்வழி) என்றுதான் பெயர். ஆகவே துண்டறிக்கையில் "இன்சைட் பாசேஜ் பயணம்" என்று போட்டது பொய்யாகாது. முதல் நாள் கோட்டை வான்கூவர் தீவின் உட்பக்கம் வரைந்ததுதான் பொய். வலப்பக்கக் கதையும் பாதி உண்மைதான். வடக்கே போகும்போது கரை வலப்பக்கம், திரும்பி வரும்போது அதே அறைக்குத் திறந்த கடல். சுற்றுப்பயணத்தில் பக்கத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

சரிபார்க்கும் வழி எளிது, செலவும் இல்லை. பயணிகள் கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் கருவி வழியாகத் தங்கள் இடத்தை அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்களில் கப்பலின் பெயரைவிட ஐஎம்ஓ எண்ணை (கப்பலுக்கான சர்வதேச அடையாள எண்) போட்டுத் தேடுங்கள். பெயர் மாறும், வேறு கப்பலுக்கும் அதே பெயர் இருக்கலாம். அந்த 7 இலக்க எண் கப்பலின் ஆயுள் முழுக்க மாறாது. இலவசக் கணக்கில் அண்மைத் தடம் மட்டுமே கிடைக்கும், பழையதற்குக் காசு. அதனால் உங்கள் பயணத்தோடு அதே துறைமுக வரிசை கொண்ட முந்தைய பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கிளம்பும் நாள் முதல் தினமும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, நேரம் படத்தில் தெரிய வேண்டும். ஏழு படங்களை ஒட்டினால் முழுப் பாதையும் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஏஐஎஸ் சிக்னலை வாங்கும் நிலத்திலுள்ள ஏற்பிகளுக்கு எட்டாத தூரத்தில் கப்பல் போகும்போது தடம் அறுந்து, இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடாக வரும். அந்த நேர்க்கோடு தீவின் மேலேயே ஏறிப் போவதும் உண்டு. அதைப் பாதை என்று நம்பாதீர்கள். புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மாலை 4 மணிக்குக் கிளம்பி மூன்றாம் நாள் காலை 10 மணிக்குச் சேர்வது என்றால் 42 மணி நேரம். 18 நாட் வேகத்தில் 756 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். படத்திலுள்ள கோட்டை அளந்து மணிக்கணக்கால் வகுக்கும்போது 22, 23 நாட் வேகத்துக்கு மேல் வந்தால் படமோ நேர அட்டவணையோ தப்பு. அளக்கும்போது திரையின் ஓரத்திலுள்ள அளவுகோலை நம்ப வேண்டாம், அளக்கும் கருவியையே பயன்படுத்துங்கள். இணைய வரைபடங்கள் வடக்கே போகப் போக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரே திரையில் ஜூனோ அருகே ஒரு அங்குலம் காட்டும் தூரம், சியாட்டில் அருகே அதே அங்குலம் காட்டுவதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு.

பனியாறு படத்துக்கும் இதே சோதனை தேவை. அந்தப் பிடிஎஃப்பில் பனியாறு என்று ஒரு நீலக் குறி இருந்ததே தவிர எந்தப் பனியாறு என்று இல்லை. கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்கு மேல் அனுமதி கிடையாது. எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்று அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகமே பட்டியல் வெளியிடுகிறது. உங்கள் கப்பல் அதில் இல்லையென்றால் போகப்போவது வேறு இடம்.

இதே ஏஜென்ட் பயணம் முடிந்தபின் குடும்பப் பெயர் போட்ட நினைவு வரைபடமும் விற்றார். அதில் ஸ்காக்வேயிலிருந்து பனியாற்று விரிகுடாவுக்குப் போகும் கோடு சில்காட் மலைத்தொடரின் மேலேறிக் குறுக்கே இறங்குகிறது! கப்பல் லின் கால்வாயில் தெற்கே இறங்கி, ஐசி நீரிணை வழியாகச் சுற்றித்தான் அங்கே போக முடியும். அச்சும் மங்கல். ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமென்றால் 4961 × 3508 பிக்சல் தேவை. 1920 பிக்சல் அகல ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே பெரிதாக்கினால் 116 டிபிஐதான் வரும்.

இதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம். போனின் ஜிபிஎஸ் விமானப் பயன்முறையிலும் வேலை செய்யும். போன தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமிக்கும் செயலி ஒன்றை வீட்டிலேயே நிறுவி, 60 நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் 7 நாளில் 10,080 புள்ளிகள், கோப்பு சிறியது. போன் பால்கனி பக்கமோ ஜன்னலோரமோ இருக்க வேண்டும். கப்பலின் இரும்புக்குள் உள்ளறையில் சிக்னல் வராது. பேட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் செயலியை நிறுத்திவிடும், அதற்கு விலக்குக் கொடுங்கள். ஊர் திரும்பியதும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, நேச்சுரல் எர்த் தரும் இலவசக் கரையோரக் கோப்பின் மேல் போட்டால் அச்சுக்கு ஏற்ற படம் தயார். கரையோரக் கோப்பில் 1:1 கோடி அளவுள்ளதை எடுங்கள், மற்றவற்றில் சிறு தீவுகள் காணாமல் போகும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில் செய்தால் ஓரத்தில் அதன் பெயரைப் போடுவது கட்டாயம்.

பணத்தைப் பொறுத்தவரை ஏஜென்ட் தந்தது அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் மட்டுமே. ஏற்கெனவே கட்டியவர்கள் பிடிஎஃப்பையும், "வலப்பக்கம்" என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தியையும், பக்கத்துக்கான தொகை தனி வரியாக உள்ள ரசீதையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் அந்தத் தொகைக்கு மட்டும் தகராறு பதியுங்கள். முழுப் பயணத் தொகைக்கும் கேட்டால் "பயணம் செய்தாயிற்றே" என்று தள்ளிவிட இடம் கொடுத்தது போலாகும். கப்பல் நிறுவனத்திடம் போய்ப் பயனில்லை, அந்தப் படத்தை அவர்கள் வரையவில்லை. இன்னும் கட்டாதவர்கள் இறுதித் தொகைக் கெடுவுக்கு முன், ரத்துக் கட்டணம் இல்லாத காலத்திலேயே, ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: "இந்தக் கப்பல் கெட்சிகனுக்குப் போவது வான்கூவர் தீவின் கிழக்குப் பக்கமாகவா, மேற்குப் பக்கமாகவா?" பதில் எழுத்தில் வராதவரை பக்கத்துக்காகத் தனிப் பணம் கட்டாதீர்கள்.