ஜிம்னி கூரையில் கேரியர்: புலம்பல் பாதி, பாராட்டு பாதி

மாருதி சுசுகியின் சின்ன ஜீப் மாதிரி வண்டி ஜிம்னி. அதன் கூரைமேல் சாமான் ஏற்ற எந்தக் கேரியர் போடலாம் என்று நண்பன் கேட்டிருந்தான். அவன் கேட்ட அன்றுதான் டிங்கரிங் கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். கூரை ஓரத்தில் கிளாம்ப் உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்த்திருந்தது. சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பில்லைப் பார்த்த கோபம் இன்னும் தணியவில்லை. அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கேரியர் தேவையா என்று கேட்டால், தேவைதான். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி 208 லிட்டர். நாலு பேர் வால்பாறை கிளம்பினால் இரண்டு பெட்டியோடு கதவு மூடிக்கொள்ளும். மிச்சமெல்லாம் மடியில்.

சிக்கல், கூரைக்கு சுசுகி வைத்திருக்கும் வரம்பு. வண்டி ஓடும்போது 30 கிலோ, கேரியரின் எடையும் சேர்த்து. கடையில் "நூறு கிலோ அசால்ட்டா தாங்கும் சார்" என்றார்கள். பொய்யில்லை, கேரியர் தாங்கும். அந்தக் கேரியரைத் தாங்க வேண்டியது கூரையல்லவா? கேரியர், கிளாம்ப், கூரை மூன்றில் எதன் வரம்பு குறைவோ அதுதான் கணக்கு. அவர்கள் மாட்டிக் கொடுத்த இரும்புக் கேரியரைக் கழற்றித் தராசில் வைத்தால் 22 கிலோ. மீதி எட்டு கிலோவுக்கு ஒரு தார்ப்பாயும் இரண்டு ஸ்லீப்பிங் பேக்கும் வரும், அவ்வளவுதான். கரடுமுரடான பாதை என்றால் சாலை வரம்பை ஒன்றரையால் வகுக்கச் சொல்லும் கேரியர் கம்பெனிகளும் உண்டு. அப்படிப் பார்த்தால் 20 கிலோ. காட்டுப் பாதைக்கென்றே செய்த வண்டியில், காட்டுப் பாதையில் அந்தக் கேரியர் காலியாக இருந்தாலே ஓவர்லோடு!

இந்த 30 கிலோ கஞ்சத்தனம் என்று முதலில் திட்டினேன். ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக்காற்றில் ஓட்டிய பிறகு திட்டுவதில்லை. வண்டியின் உயரம் 1720 மில்லிமீட்டர், அகலம் 1645. அகலத்தைவிட உயரம் அதிகம். எடையும் சுமார் 1,200 கிலோதான். காற்று பக்கவாட்டில் அறையும்போது, மேலே தார்ப்பாய் மூட்டை இருந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து நழுவப் பார்க்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மேல்பாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் தன் பங்குக்கு ஒரு சாய்ப்பு சாய்க்கும். தண்ணீர் கேன், கேஸ் அடுப்பு, டூல்ஸ் எல்லாம் வண்டிக்குள்ளே, தரையோடு. மேலே போவது கனமில்லாமல் இடத்தை மட்டும் அடைக்கும் சாமான்.

கூரைமேல் கூடாரம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்ற வண்டியின் கூரை இதைவிட எவ்வளவோ தாங்கும், ஆள் படுக்கலாம். ஆனால் கூடாரமே பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல் வருகிறது. அதைச் சுமந்துகொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே.

சரி, இரும்பைக் கொடுத்துவிட்டு இரண்டு அலுமினியக் குறுக்குக் கம்பிகள் வாங்கினேன். கிளாம்போடு சேர்த்து ஆறு கிலோ. இங்கேதான் இந்த வண்டியின்மேல் காதல் வருகிறது. பழைய ஜீப்புகளில் இருந்த மாதிரி கூரையின் இரு ஓரமும் மழைநீர் வடியும் விளிம்பு ஓடுகிறது. ஓட்டை போட வேண்டாம், கம்பியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். கிளாம்புக்கு அடியில் தடிமனான ரப்பர் மட்டும் வையுங்கள், அதில் சிக்கனம் பிடித்தால் டிங்கரிங் கடைதான்.

அப்புறம் அந்த விசில். எழுபதைத் தாண்டினால் முன்கம்பி ஊளையிடத் தொடங்கும். எண்பதில் பாட்டுச் சத்தமே கேட்காது. கடைக்காரர் "போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஆகவில்லை. கடைசியில் மெல்லிய கயிற்றை முன்கம்பியில் இடைவெளி விட்டுச் சுருள்சுருளாகச் சுற்றினேன். ஒரே சீராக உரசிப் போகும் காற்று அந்தச் சுருளில் சிதறிவிடுகிறது, ஊளை நின்றது. பார்க்க அசிங்கம்தான். கட்டும் பட்டை படபடவென்று அடித்தால் அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், அடங்கும். பட்டை பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும். எந்தப் பட்டையானாலும் கிளம்பி அரைமணி நேரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சாமான் குலுங்கி அமுங்கியதும் முடிச்சு நிச்சயம் தளர்ந்திருக்கும்.

மைலேஜில் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் அடி வாங்குகிறது. கம்பி காலியாக இருந்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

இவ்வளவும் போக, கம்பிகள் நல்ல பொருள். உறுதி, துருவில்லை, ஒருமுறைகூட நகரவில்லை. ஆனால் நண்பா, நீ வாங்காதே. பின் சீட்டில் பாதியை மடித்துவிட்டு மூன்று பேராகப் போ. என்னுடையதைக் கழற்றுவேனா என்றால், டிசம்பர் லீவு முடியட்டும், பார்க்கலாம்.