காலேஜ் கவுன்சிலிங், ஜிஹெச், 14416 ஹெல்ப்லைன், கோயம்புத்தூர் பிரைவேட்: ஊட்டியில படிக்கறவங்க முதல்ல எங்க போறது?

கூடலூர் பக்கம் எஸ்டேட்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற ஜூனியர் ஒருத்தி போன வாரம் என்கிட்ட "அக்கா, கவுன்சிலிங் போனா வீட்டுக்குத் தெரிஞ்சிருமா"ன்னு கேட்டா. ஃபீஸ் எவ்ளோன்னு கேக்கல, குணமாகுமான்னு கேக்கல, இதைத்தான் முதல்ல கேட்டா. மலை மேல இருக்கறவங்களுக்கு இது புரியும், சேரிங் கிராஸ்ல யார்கூடயாவது நின்னு ஒரு டீ குடிச்சா சாயங்காலத்துக்குள்ள அத்தை வீட்டுக்கு சேதி போயிரும். அதனால இந்த நாலையும் நான் காசு வச்சு பாக்கல, யார் கண்ணுல படுவோம், எங்க உக்காந்து வாய்விட்டு அழ முடியும், அத வச்சுத்தான் பாக்கறேன். நாலும் நான் போய்ப் பாத்ததுதான்.

காலேஜ் சென்டர் எங்களுக்கு ஆபீஸ் பக்கத்து ரூம். பாதி ரூம்ல என்எஸ்எஸ் சாமான், கதவுக்கு வெளிய ஒரு பெஞ்ச், ஃபீஸ் கட்ட வர்ற எல்லாரும் அந்த பெஞ்ச தாண்டித்தான் போகணும். முதல் நாள் பெஞ்ச பாத்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன். ரெண்டாவது தடவை உள்ள போனப்ப ஒரு ஃபாரம் குடுத்தாங்க, பசி எப்படி, தூக்கம் எப்படி, இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா, உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கான்னு வரிசையா கேள்வி. தூக்கத்துக்கு நேரா "பரவால்ல"ன்னு எழுதினேன். கவுன்சிலர் மேடம் அத பாத்துட்டு "பரவால்லன்னா எத்தனை மணிக்கு முழிப்பு வருது"ன்னாங்க. மூணுன்னேன். "அப்புறம்?" அப்புறம் ஜன்னல் வெளுக்கற வரைக்கும் படுத்தே கெடப்பேன்னு சொல்லி முடிக்கல, அழுகை வந்துருச்சு. ஹீட்டர் இல்லாத ரூம், ஸ்வெட்டர் கையிலயே மூக்கைத் தொடச்சிக்கிட்டு முக்கா மணி நேரம் பேசினேன்.

இங்க நல்லது என்னன்னா காசு இல்ல, ரெண்டு கிளாசுக்கு நடுவுல போயிட்டு வந்துரலாம், அரியர்னா என்ன, வார்டன் எப்படி, இன்டர்னல் மார்க் போனா என்ன ஆகும்னு அவங்களுக்கு வெளக்கமே சொல்ல வேண்டாம், நம்ம சரின்னா டிபார்ட்மென்ட்ல பேசி அட்டெண்டன்சுக்கு ஒரு வழி கேப்பாங்க. கவுன்சிலர் மாத்திரை எழுத முடியாது. செம் லீவுல பூட்டிருவாங்க, வீட்டுல பிரச்சனை இருக்கற பிள்ளைங்களுக்கு லீவுதான் கொடுமையே. ரகசியம் பத்தி முதல் நாளே நேரா கேட்டுருங்க, யார்கிட்ட சொல்வீங்க, எழுதறது எங்க இருக்கும்னு. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எங்க போனாலும் அவங்க ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், அது நம்ம நல்லதுக்குத்தான். சென்டரே இல்லாத காலேஜா? 100 பேர் அல்லது அதுக்கு மேல படிக்கற இடத்துல தகுதியான கவுன்சிலரோ சைக்காலஜிஸ்டோ சோஷியல் வொர்க்கரோ ஒருத்தராவது இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல சொல்லியிருக்கு, போய்க் கேக்கலாம்.

ஜிஹெச்ல சைக்கியாட்ரி டாக்டர் பாப்பாங்க, மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, மாத்திரையும் இலவசம். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னா காலேஜ் சென்டரோட நிக்காம இங்க வந்துருங்க. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு விட்டுறாதீங்க. 2017 மனநலச் சட்டம் நம்ம விவரத்தை ரகசியமா வைக்கணும்னு சொல்லுது, ஆனா மருந்து குடுக்கற கியூவுக்கு எந்தச் சட்டமும் இல்லையே. சுகர் மாத்திரை வாங்க வந்த எங்க ஊர் மாமா ஒருத்தர் பின்னாடியே நின்னு "என்ன கண்ணு இங்க"ன்னாரு. பல்லு வலின்னேன். அடுத்த வாரம் அம்மா போன்ல கிராம்பு வச்சியான்னு கேட்டாங்க.

14416 அரசோட டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் காசில்லாம தமிழ்லயே பேசலாம். யாரும் நம்ம மூஞ்சியப் பாக்கப் போறதில்ல. ஒரு ரூம்ல நாலு பேர் இருந்தா எங்க போய் பேசறது, அதுதான் சிக்கல். ஒரு நாள் ஹாஸ்டல் பின்னாடி தண்ணி டேங்க் பக்கம் நின்னு பேசிட்டு இருந்தேன், மூடுபனிக்குள்ள இருந்து புஸ்ஸுனு ஒரு மூச்சு, பாத்தா காட்டெருமை. போனோட ஓடி வந்து பாத்ரூம்ல குழாய தொறந்துவிட்டு மிச்சத்தப் பேசினேன். அடுத்த தடவை கூப்பிட்டா வேற ஒருத்தர் எடுப்பாங்க, கதைய முதல்ல இருந்து சொல்லணும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சாகலாம்னு தோணுச்சுன்னா யோசிக்காம இதத்தான் அடிக்கணும், பக்கத்து பெட்ல இருக்கறவளையும் எழுப்பிருங்க.

கீழ கோயம்புத்தூர்ல பிரைவேட்டா பாத்தா தெரிஞ்சவங்க யாரும் பாக்க மாட்டாங்க, அவ்வளவுதான் லாபம். எனக்கு ஒரு சிட்டிங் 1200 ஆச்சு, போக வர ஒரு நாள் முழுசா போச்சு, கல்லார் வளைவுல வாந்தி வேற. வீடியோ கால்ல பாக்கலாம்னாங்க, மழை பெஞ்சா நெட் நிக்காது.

ஜூனியர்கிட்ட காலேஜ் சென்டர்லயே ஆரம்பின்னுதான் சொன்னேன், பெஞ்ச் இருந்தாலும். மாடல் எக்ஸாம் நெருங்கினா ஸ்லாட் கெடைக்காது, அதனால இப்பவே பேர் குடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை ரெண்டரைக்கு ஆபீஸ் கவுண்டர் மூடியிருக்கும், அப்ப அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க, நான் அந்த நேரத்துலதான் போவேன். அவளும் அதே நேரம் கேட்டு வாங்கியிருக்கா.