பார்த்தீனியத்தை எது அடக்கும்: துருவா, வண்டா, கையா?

திருவையாறு பக்கம் வாய்க்கால் கரையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பார்த்தீனியக் களையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. டெல்டாவில் இதை அடக்க எது சரிப்படும்?

முதலில் பார்த்தீனிய இலையில் நோயாகப் பரவும் துருப் பூஞ்சை. பக்சினியா அப்ரப்டா இனத்தில் ஒரு வகை, பூர்வீகம் மெக்சிகோ. ஆஸ்திரேலியாவில் 1991-ல் இதற்காகவே கொண்டுபோய் விட்டார்கள். நம் ஓசூர்ப் பக்கமும் இருக்கிறது. இலையைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவினால் லவங்கப்பட்டைப் பொடி மாதிரி தூள் ஒட்டும், அத்தனையும் பூஞ்சையின் வித்து. துரு பிடித்த செடி சீக்கிரமே முதிர்ந்து, பூவும் குறையும். சூரியகாந்தியும் இதே குடும்பமாச்சே, அதற்கும் தாவுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சூரியகாந்தியில் வரும் துரு பக்சினியா ஹெலியாந்தி, அது வேறு இனம். துருக்கள் அப்படிச் சுலபமாக ஆள் மாறுவதில்லை. நம் சிக்கல் வேறு. இந்தத் துருவுக்குக் குளிர்ந்த ராத்திரியும் இலையில் மணிக்கணக்கில் நிற்கும் பனியும் வேண்டும். மார்கழியில் பனி நமக்குத் தாராளம், ஆனால் 20 டிகிரிக்குக் கீழே ரொம்ப இறங்குவதில்லை. ஓசூர் மேட்டுக்குச் சரி, நமக்கு எடுபடாது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது மெக்சிகோ வண்டு. 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெளிர் முதுகில் பழுப்பு நெளிகோடு. புழு குருத்திலிருந்தே தின்ன ஆரம்பிக்கும், அதனால் பூக்கும் முன்னாலேயே செடி மொட்டையாகிவிடும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் தூங்கி, மழை விழுந்ததும் எழுந்து வரும். கர்நாடகத்தில் ஒரு சமயம் சூரியகாந்தி இலையைக் கடிக்கிறது என்று பெரிய கவலை கிளம்பியது. ஆராய்ந்தபோது, இலைமேல் படிந்த பார்த்தீனிய மகரந்தம்தான் வண்டை இழுத்தது என்று தெரிந்தது. வெயிலைத் தாங்குகிற இந்த வண்டுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் வண்டு வரும்வரை வரப்பு காத்திருக்காது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அது வாய்க்கால் தண்ணீரில் மிதந்து அடுத்த ஊருக்கும் போகும். அதனால் மழை பெய்து மண் இளகியதும், பூ வைக்கும் முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையில் தொட்டால் அரிப்பு வரும், சிலருக்குத் தோலே வெடித்துவிடும். அப்புறம் ஒன்று, புழு மொய்க்கிற செடி கண்ணில் பட்டால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.