இயேசுவ கடவுள்னு கும்பிட ஆரம்பிச்சது எப்போ? மூணு கட்சி, ஒரு அலசல்

வாட்ஸப்ல அடிக்கடி ஒரு ஃபார்வர்ட் வரும், "325ல கான்ஸ்டன்டைன் ராஜா நிசேயாவுல பிஷப்புங்கள கூட்டி ஓட்டெடுப்பு வச்சுத்தான் இயேசுவ கடவுளாக்கினாரு"ன்னு. இத முதல்லயே ஓரங்கட்டிடுறேன். கிபி 112 வாக்குல பித்தினியா (இப்ப துருக்கியில இருக்கற பகுதி) கவர்னரா இருந்த பிளினி, ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு லெட்டர் போடுறாரு, இந்த கிறிஸ்தவங்க விடியறதுக்கு முன்னாடி ஒண்ணா கூடி கிறிஸ்துவ ஒரு தெய்வம் மாதிரி வச்சு பாட்டு பாடுறாங்கன்னு. நிசேயாவுக்கு 200 வருஷம் முந்தி இது. நிசேயாவுல நடந்த சண்டையே வேற, மகன் பிதாவுக்கு எந்த அளவுக்கு சமம்ங்கறது. அங்க தோத்துப்போன பாதிரியார் அரியுஸ் கூட இயேசுவ வெறும் மனுஷன்னு சொன்ன ஆளு இல்ல.

ஆராய்ச்சியாளருங்களுக்குள்ள நடக்கற நிஜமான சண்டை இயேசுவோட சிலுவை மரணத்துக்கு (சுமார் 30) அப்புறம் வந்த முதல் 20 வருஷத்த பத்தி. யூதங்க, ஒரே கடவுளத் தவிர வேற யாரையும் கும்பிட மாட்டோம்னு உயிரையே கொடுக்கறவங்க, அவங்களுக்குள்ள இருந்து எப்படிய்யா இப்படி ஒரு கூட்டம் வந்துச்சு?

முதல் கட்சி வில்ஹெல்ம் பூசெட், ஜெர்மன்காரர், 1913. எருசலேம்ல இருந்த முதல் சீஷங்க இயேசுவ வரப்போற மனுஷகுமாரனாத்தான் (கடைசி நாள்ல தீர்ப்பு சொல்ல வானத்துல இருந்து வர்றவரா) பாத்தாங்க, அந்தியோக்கியா மாதிரி கிரேக்க ஊருக்குள்ள போனதும்தான் அங்கத்த கோவில் வழக்கத்துல ஒட்டி "கூரியோஸ்", அதாவது ஆண்டவர், ஆனாருங்கறாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஏன்னா அந்த ஊருங்கள்ல கூரியோஸ்னா சர்வசாதாரணம். எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்னு ஒரு ஊர், அங்க குப்பை மேட்டுல கெடச்ச பாப்பிரஸ் ஒண்ணு வெறும் விருந்து அழைப்பு, கைரேமோன்னு ஒருத்தர் அனுப்பினது: கூரியோஸ் சராப்பிஸோட (அந்த ஊர்க்காரங்க கும்பிட்ட தெய்வம்) பந்தியில சாப்பிட வாங்க, நாளைக்கு 15ம் தேதி, ஒன்பதாம் மணிக்கு. நம்ம வீட்டு விசேஷ பத்திரிகை மாதிரியே இருக்கும். "அநேக கர்த்தாக்கள்"னு (கிரேக்கத்துல அதே கூரியோஸ்தான்) ஆரம்பகால அப்போஸ்தலர் பவுல் கிரேக்க ஊரான கொரிந்து சபைக்கு எழுதும்போது இந்த மாதிரி பந்தியத்தான் மனசுல வச்சிருக்காரு.

ஆனா பூசெட்ட ஒரே ஒரு வார்த்தை கவுத்துருச்சு, மாரநாதா. 1 கொரிந்தியர் 16:22ல பவுல் கிரேக்கத்துல எழுதிட்டே வந்து திடீர்னு அரமாயிக்ல (இயேசுவும் அவர் சீஷங்களும் பேசின மொழி) "எங்கள் ஆண்டவரே வாரும்"னு போடுறாரு, மொழிபெயர்க்கவும் இல்ல. கிரேக்கம் பேசுற கொரிந்துகாரங்களுக்கு அது ஏன் புரியணும்? ஆமென், அல்லேலூயா மாதிரி ஜெபத்துலயே ஒட்டிட்டு வந்திருக்கு, அதான். அப்படின்னா இயேசுவ "ஆண்டவரே"ன்னு கூப்பிட்டு வேண்டறது அரமாயிக் பேசுற ஆளுங்க கிட்டயே இருந்துருக்கு. பூசெட் தரப்புல இதுக்கு சமாதானம் சொல்லிப் பாத்தாங்க, எடுபடல.

ரெண்டாவது கட்சிய லேசா எடுத்துக்க முடியாது. இப்ப அதோட பிரபல முகம் பார்ட் எர்மான், 2014ல புக்காவே போட்டாரு. ஆரம்பத்துல நம்பினது, கடவுள் இயேசுவ உயிர்ப்பிச்சப்ப மகனா உயர்த்தினாருன்னு, போகப்போக அந்த நேரத்த பின்னாடி தள்ளிட்டே போனாங்க: உயிர்ப்பு, அப்புறம் ஞானஸ்நானம் (மாற்கு சுவிசேஷம்), அப்புறம் பிறப்பு, கடைசியா யோவான் சுவிசேஷத்துல "ஆதியிலே". இதுக்கு பெரிய சாட்சி ரோமர் 1:3-4. அது பவுலோட சொந்த நடையே இல்ல, ஏற்கனவே சபையில புழங்கின அறிக்கைய எடுத்துப் போட்டிருக்காருன்னு பல பேரு ஒத்துக்கறாங்க. நம்ம பழைய தமிழ் பைபிள்ல அங்க "பலமாய் ரூபிக்கப்பட்ட தேவகுமாரன்"னு இருக்கு. ரூபிச்சதுன்னா ஏற்கனவே இருக்கறத நிரூபிச்ச மாதிரி ஆயிடுது. கிரேக்கத்துல இருக்கற வினை "ஹொரிஸோ", குறிச்சு நியமிக்கறது. அதே வினை அப்போஸ்தலர் 10:42லயும் வருது, அங்க அதே தமிழ் பைபிள் "தேவனால் ஏற்படுத்தப்பட்ட நியாயாதிபதி"ன்னு சரியா போட்டிருக்கு! ஒரே வினை, ஒரு எடத்துல ஏற்படுத்தப்பட்ட, இன்னொரு எடத்துல ரூபிக்கப்பட்ட. இத பெரியப்பாகிட்ட ரெண்டு பக்கத்தையும் விரலால புடிச்சு புரட்டிக் காட்டினேன், கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி மாட்டி படிச்சுட்டு "அதுக்கு?"ன்னாரு, அவ்ளோதான். மொழிபெயர்ப்பாளர் வேணும்னே பண்ணாருன்னு நான் சொல்லல, ஆனா தமிழ்ல மட்டும் படிக்கறவங்களுக்கு ரெண்டாவது கட்சியோட பலமே கண்ணுல படாது.

இந்தக் கட்சியோட ஓட்டை எதுன்னா காலக்கணக்கு. படிப்படியா ஏறிச்சுன்னா பழைய எழுத்துல கீழ்ப்படி இருக்கணும்ல? பவுல் எழுதினது 50கள்ல, மாற்கு சுமார் 70. பவுல் கிட்டயே மேல்படி வந்தாச்சு, "தேவனுடைய ரூபமாயிருந்தும்"னு பிலிப்பியர் 2:6. எர்மானே இத ஒத்துக்கிட்டு, பவுலுக்கு இயேசு முன்னமே இருந்த ஒரு தேவதூதன், அப்புறம்தான் உயர்த்தப்பட்டாருன்னு மாத்திச் சொல்றாரு. அதுக்கு அவர் காட்டற கலாத்தியர் 4:14 எனக்கு ஒட்டவே மாட்டேங்குது, என்னை "தேவதூதனைப்போலவும், கிறிஸ்து இயேசுவைப்போலவும்" ஏத்துக்கிட்டீங்கன்னு பவுல் சொல்றதுல ரெண்டாவது முதலாவத விட ஒரு படி மேலன்னு படிக்கறதுதான் இயல்பு, ரெண்டும் ஒரே ஆளுன்னு ஏன் படிக்கணும்?

மூணாவது கட்சி மார்ட்டின் ஹெங்கல், லாரி ஹர்டாடோ, ரிச்சர்ட் பாகம். படிப்படியா ஒண்ணும் வரல, முதல் சில வருஷத்துலயே வெடிச்சு கெளம்பிருச்சுங்கறாங்க. ஹர்டாடோவோட கெட்டிக்காரத்தனம் எதுல இருக்குன்னா, அவங்க என்ன பட்டம் கொடுத்தாங்கன்னு பாக்காம கூடினப்ப என்ன செஞ்சாங்கன்னு பாக்கறது: இயேசு மேல பாட்டு, அவர்கிட்ட வேண்டுதல், அவர் பேர்ல ஞானஸ்நானம், அவர் பேர்ல பந்தி. எந்த தேவதூதனுக்கும் மோசேக்கும் யூதங்க இப்படி ஒரு செட்டா செஞ்சதில்ல. ரிச்சர்ட் பாகம் புடிச்சுக்கறது 1 கொரிந்தியர் 8:6. உபாகமம் 6:4ல "கர்த்தர் ஒருவரே"ன்னு யூதங்க தினம் சொல்ற வசனத்த பவுல் ரெண்டா பிரிச்சு, ஒரே தேவன்ங்கறத பிதாவுக்கும் ஒரே கர்த்தர்ங்கறத இயேசுவுக்கும் கொடுக்கறாரு. துணிச்சல்தான். அதவிட, இந்த விஷயத்துல பவுலுக்கும் எருசலேம்காரங்களுக்கும் சண்டை வந்ததா எங்கயும் தெரியல. விருத்தசேதனத்துக்கு அடிச்சுக்கிட்டவங்க, யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னு அந்தியோக்கியாவுல மூஞ்சிக்கு நேரா திட்டிக்கிட்டவங்க, இதுல மட்டும் கம்முனு இருந்தாங்களா? எருசலேம் சீஷங்கள்ல முக்கியமானவரு, முன்னாடி மீன் புடிச்சுக்கிட்டிருந்த பேதுரு, அவர் வீட்டுல பவுல் 15 நாள் தங்கியிருக்காரு, சும்மா மீன் பத்தியா பேசிருப்பாங்க.

எனக்கு மூணாவதுதான் சரியா படுது, ஆனா முழுசா இல்ல. ஜேம்ஸ் டன் கேட்ட கேள்வி இன்னும் நிக்குது: பலி யாருக்கு செலுத்தினாங்க? யூதனுக்கு வழிபாடுன்னா கடைசில பலிதான், அத இயேசுவுக்கு யாரும் செலுத்தல. அதோட, ரோமர்ல இருக்கற அந்த பழைய அறிக்கைய ஹர்டாடோ ஆளுங்க வேகமா தாண்டிப் போறாங்க. என் கணக்குல ரெண்டும் ஒரே கூட்டத்துலயே ஒரே சமயத்துல இருந்துருக்கு, சனிக்கிழமை "தேவன் இவர மகனா ஏற்படுத்தினாரு"ன்னு அறிக்கை சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை பந்தியில உக்காந்து "மாரநாதா"ன்னு அவரையே கூப்பிட்டவங்களுக்கு ரெண்டும் முட்டுதுன்னு தோணியே இருக்காது, அது முட்டுதுன்னு கண்டுபுடிச்சு உக்காந்து சண்டை போட்டதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுத்தான்.