மித்சுகோ: ஒரு வாசனைத் திரவியமும் அதன் பெயரும்

பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1919இல் வெளியிட்ட மித்சுகோ வாசனைத் திரவியத்தை எனக்கு விற்ற கடைக்காரர், தூதரகப் பணிக்கு வந்த ஆஸ்திரிய-ஹங்கேரிப் பிரபுவை மணந்து 1896இல் தோக்கியோவை விட்டுச் சென்ற ஆவோயாமா மித்சுகோவின் பெயர்தான் அது என்று அடித்துச் சொன்னார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் அது ஒரு பிரெஞ்சு நாவல் நாயகியின் பெயர். ஆனாலும் முகரும்போதெல்லாம் ஆவோயாமா மித்சுகோவே நினைவுக்கு வருகிறார். பழம்பொருள் வணிகரின் மகளான அவர், பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ரான்ஸ்பெர்க் கோட்டையில் ஏழு குழந்தைகளை வளர்த்து, 1906இல் கணவர் இறந்தபின் குடும்பச் சொத்தைத் தாமே நிர்வகித்து, தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல், 1941இல் வியன்னாவை அடுத்த மேட்லிங்கில் காலமானார்.

தலைகீழ் இதய வடிவ மூடியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுக்கொண்டால், முதலில் பெர்கமாட்டின் எலுமிச்சைக் கூர்மையும், சற்றுப் பொறுத்துக் கனிந்த பீச் பழத்தின் மணமும், பின்னர் மழையில் நனைந்த மரப்பட்டைப் பாசியின் ஈர வாசமும் எழுகின்றன. இனிப்பு வாசனையை விரும்புபவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கோ, மறுநாள் காலையிலும் புடவைத் தலைப்பில் மிஞ்சியிருந்த அந்தப் பாசி வாசத்துக்கே கொடுத்த விலை தகும் என்று தோன்றியது.