மும்பையிலிருந்து ஓபரா கேட்பது: வானொலி, ஸ்ட்ரீம், அரங்கு – பல சீசன் அனுபவம்

மும்பையில் இருந்துகொண்டு உலக ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்தை, தொடர நினைப்பவர்கள் வானொலியிலிருந்து தொடங்குங்கள். காசு கட்டிப் படம் பார்க்கும் சேவைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். எல்லாவற்றையும் சீசன் சீசனாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பின் சொல்வது இது. ஒரு புதிய தயாரிப்பின் முதல் இரவை அன்றைக்கே, இலவசமாக, பெரும்பாலும் நாட்டுத் தடை இல்லாமல் அதிகமாகத் தருவது வானொலிதான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் (சுருக்கமாக மெட்) சனிக்கிழமை மதியக் காட்சி 1931 முதல் வானொலியில் வருகிறது. டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். என்ற நியூயார்க் வானொலி நிலையத்தின் இணைய ஒலிபரப்பில் கேட்கலாம். அங்கே மதியம் 1 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11:30, கோடையில் 10:30. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருடையது போன்ற நீளமான படைப்புகள் இன்னும் முன்னதாகவே தொடங்கும், அதனால் அந்தந்த வார நிரலைப் பார்த்துவிடுவது நல்லது. பலரும் கோட்டை விடுவது மார்ச் மாதத்தில். அமெரிக்கா கடிகாரத்தை இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில் மெட் நிகழ்ச்சி ஐரோப்பிய வானொலிகளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். நமக்கோ அமெரிக்கா மாற்றியதிலிருந்தே 10:30தான். பழைய கணக்கில் 11:30க்கு உட்கார்ந்தால் முதல் அங்கம் போயே போச்சு.

நம் கடிகாரத்துக்கு மிகவும் தோதானது ஜெர்மனியில் வாக்னர் ஓபராக்களுக்காகவே நடக்கும் பைராய்ட் விழா. ஜூலை 25 வாக்கில் தொடங்கும், பவேரிய வானொலியின் பி.ஆர். கிளாசிக் நிலையம் நேரலையாகத் தரும். பெரும்பாலான நாட்களில் அங்கே மாலை 4 மணி, நமக்கு 7:30. இடைவேளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வாக்னரின் 'பார்சிஃபால்' என்றால் முதல் அங்கம் 9:15 போல முடியும், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 10:15க்கு இரண்டாம் அங்கத்துக்கு வந்துவிடலாம். எல்லாம் முடிய ஒன்றரை மணி ஆகும். மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் டிசம்பர் 7 சீசன் திறப்பு இரவு நமக்கு 10:30க்கு. இத்தாலியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ராய் தொலைக்காட்சியின் இணையப் பக்கம் பெரும்பாலும் இத்தாலிக்கு வெளியே திறக்காது, ராய் ரேடியோ 3இன் ஒலி மட்டும் கிடைக்கும். அதுவே போதும்.

கருவி விஷயம். நிலையங்களின் ஆப்பைவிட, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயர் நம்பகமானது. மீடியா மெனுவில் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' போய் முகவரியை ஒட்டி, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' திறந்து, கேச்சிங் (முன்கூட்டியே சேமிக்கும் அளவு, மில்லி விநாடியில்) 1000 என்றிருப்பதை 10000 ஆக்குங்கள். பத்து விநாடி தள்ளிக் கேட்போம், ஆனால் சின்னச் சின்ன நெட் தடங்கல் காதுக்கு வராது. ஆண்ட்ராய்டு போனில் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் ஒலி நின்றுபோனால், குற்றவாளி பேட்டரி சேமிப்பு. அந்த ஆப்புக்கு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுத்தால் சரியாகிவிடும்.

டிவி வழியாகக் கேட்பவர்கள் 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோட்' இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். 'அயிதா' ஓபராவின் தொடக்கத்தில் டெனர் (உயர்ந்த ஸ்தாயி ஆண் குரல்) பாடும் பாடலின் கடைசி உச்ச ஸ்வரத்தை, மிக மென்மையாக, தேய்ந்து மறையும்படி பாடச் சொல்லி எழுதியிருக்கிறார் இசையமைப்பாளர் வெர்டி. பெரும்பாலானவர்கள் உரக்கத்தான் பாடுகிறார்கள். ஒருவர் எழுதியபடியே பாடிக் காட்டும் அபூர்வ இரவில், ஆட்டோ வால்யூம் அதைத் தூக்கி மற்ற ஸ்வரங்களோடு சமமாக்கிவிடும். அந்தப் பாடகரின் மொத்த உழைப்பும் வீண்.

படத்தோடு பார்க்க, ஐரோப்பிய அரங்குகளின் ஓபராக்களைத் தரும் ஓபராவிஷன் இணையதளம் முதல் தேர்வு. இலவசம், யூடியூபிலும் வரும், ஆங்கில சப்டைட்டில் உண்டு. சில மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். கடைசி நாள் என்று போட்டிருந்தால் அன்றிரவு பார்க்கலாம் என்று நம்பாதீர்கள், பொதுவாக அங்கே நண்பகல் 12 மணிக்கே போய்விடும். நமக்கு அது பிற்பகல் மூன்றரை அல்லது நாலரை. ஐரோப்பியப் படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃபிரேம். மடிக்கணினியை டிவியில் இணைத்தால் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை 60இலிருந்து 50க்கு மாற்றுங்கள். கேமரா மேடையில் பக்கவாட்டில் நகரும்போது தெரியும் திக்கல் போய்விடும்.

மெட்டின் சந்தா சேவையான மெட் ஆன் டிமாண்ட் காசுக்கு மதிப்புள்ளது, முக்கியமாக 1930கள் தொடங்கி வரும் பழைய வானொலிப் பதிவுகளுக்காக. ஆனால் இந்திய கார்டில் மாதச் சந்தா தானாகப் புதுப்பிக்காமல் நின்றுபோகும் தொல்லை உண்டு. 2021 அக்டோபரிலிருந்து தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் அனுமதி முறை இருக்கிறது. ஆண்டுச் சந்தாவை ஒரே தடவையில் கட்டிவிடுங்கள். அதற்கு முன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ. கலை மையத்தில் திரையிடப்படும் மெட்டின் 'லைவ் இன் ஹெச்.டி.' பெயரில்தான் லைவ், இங்கே வருவது பதிவு. இருந்தும் பெரிய திரையில் பாடகரின் மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரிவது தனி இன்பம். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் எடுக்கும் பேட்டிகள் வரும், வடா பாவுக்கு ஓடிவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: மைக் பக்கத்தில் இருப்பதால் சின்னக் குரலும் பெரிய குரலும் ஒரே அளவில் கேட்கும். திரையை வைத்து ஒரு குரல் அரங்கை நிறைக்கும் என்று சொல்லவே கூடாது. சர்னி ரோடு பக்கத்து ராயல் ஓபரா ஹவுஸ் 1993இல் மூடப்பட்டு 2016இல் மீண்டும் திறந்தபோது மும்பையில் பிறந்த சோப்ரானோ (உயர்ந்த ஸ்தாயி பெண் குரல்) பாட்ரிசியா ரொசாரியோ பாடினார். கட்டடத்துக்காகவே ஒருமுறை போகலாம், முழு ஓபரா அங்கே அபூர்வம்.

வம்புச் செய்திகளைச் சரிபார்க்க: யாரோ விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டால் முதலில் அந்த அரங்கின் நடிகர் பட்டியல் பக்கம், அடுத்து, பாடகர்களின் நிகழ்ச்சிகளைத் தொகுத்துத் தரும் ஓபராபேஸ் தளத்தில் அவரது அடுத்த தேதிகள். இரண்டிலும் பெயர் இருந்தால் செய்தி பழுக்கவில்லை. ஒன்றில் மட்டும் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் உண்மை. அமெரிக்க 'ஓபரா நியூஸ்' இதழ் 2023 இறுதியோடு தனி இதழாக வருவது நின்றது, அதைத் தேடி அலைய வேண்டாம். 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் 'ஓபரா' இதழின் டிஜிட்டல் பதிப்பே இங்கே வசதி.

பைராய்ட் சமயம் நமக்கு அடைமழைக் காலம், ஃபைபர் அறுந்துபோவது சகஜம். போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். 320 கேபிபிஎஸ் ஒலிக்கு மணிக்குச் சுமார் 144 எம்.பி.தான் ஆகும், இடைவேளையில் நிறுத்திவிட்டால் 'பார்சிஃபால்' முழுவதும் ஒரு ஜி.பி.க்குள் அடங்கும்.